பல் அக்கா தியாகி இல்லை

பல் அக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அப்பா திடீரென்று போய்விட்டார். அம்மா படுத்த படுக்கை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு தம்பிகள். மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள், தம்பிகளை ஆளாக்கினாள், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சு இல்லாமல் யாரும் இந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

இதில் எதையும் பொய் என்று சுட்டிக்காட்ட முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல். நடந்ததெல்லாம் நடந்ததுதான். ஆனால் ஏன் நடந்தது என்பதை அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஊர் கூடி முடிவு செய்துவிட்டது. ஒருத்தி எதற்காக வாழ்கிறாள் என்பது அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்றால் அது என்ன நியாயம்? கேட்பாரே இல்லையா?

வீட்டின் முன்னறைதான் இப்போது அவள் வேலை செய்யும் இடம். தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே நீள மேசை. மேசையில் சின்னதாக ஒரு ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், மெழுகை வழிக்கும் கத்திகள், தட்டுத் தட்டாகப் பொய்ப்பற்கள். தரையை எப்படித் தேய்த்துக் கழுவினாலும் பிளாஸ்டர் தூள் மட்டும் போகாது. மேல் தாடை அச்சையும் கீழ்த் தாடை அச்சையும் மாட்டினால் வாய் போலத் திறந்து மூடுகிற பித்தளைக் கருவிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அவள் 'வாய்' என்றுதான் சொல்வாள். "அந்த வாயை இப்படி எடு", "இந்த வாய் நாளைக்குப் போகணும்" என்று அவள் சாதாரணமாகச் சொல்லும்போது புதிதாகக் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் அதிலிருந்து பிளாஸ்டரில் அச்சு வார்ப்பாள், அச்சின்மேல் மெழுகில் ஈறு செய்வாள், அந்த மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நடுவாள். அதை நோயாளியின் வாயில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் சரியென்றால் மெழுகை நீக்கிவிட்டு அந்த இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக்கை நிரப்புவாள். மெழுகில் இருக்கும்வரை பல்லை எப்படியும் திருப்பலாம். அப்புறம் தலைகீழாக நின்றாலும் முடியாது.

இந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் ஆளைப் பார்ப்பதே இல்லை. அளவு வரும், பல் போகும், அவ்வளவுதான். இவள் மட்டும் "ஆளை ஒரு தடவை இங்க அனுப்புங்க டாக்டர்" என்று பிடிவாதம் பிடிப்பாள். ஆள் வந்ததும் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பாள். "இப்ப யாரையாவது திட்டுங்க" என்பாள்.

வந்தவர்கள் விழிப்பார்கள். சிரிக்கச் சொல்வாள் என்று நினைத்து வந்திருப்பார்கள். சிரிக்கச் சொன்னால் மனிதர்கள் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி உதட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். திட்டும்போதுதான் வாய் தன்னை மறக்கும். உதடு எவ்வளவு ஏறுகிறது, எந்தப் பக்கம் கோணுகிறது எல்லாம் அப்போது தெரிந்துவிடும். மருமகனைத் திட்டியவர்கள் உண்டு, மேலதிகாரியைத் திட்டியவர்கள் உண்டு. ஒரு பெரிய மனிதர் யாரையும் திட்டித் தனக்குப் பழக்கமில்லை என்றார். அளவெடுத்த டாக்டரின் கட்டணத்தைப் பற்றிப் பேச்சைத் திருப்பினாள், பொழிந்து தள்ளிவிட்டார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை ஊர்க்கதையில் யாரும் சொல்வதில்லை. யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

வேலைக்குப் போன புதிதில் அவளுக்கு அந்தத் தொழிலே பிடிக்கவில்லை. பிளாஸ்டர் தூளில் இருமல், பிளாஸ்டிக் நெடியில் தலைவலி. வேண்டாவெறுப்பாகத்தான் போய்வந்தாள். அப்படி இருக்கையில் ஒரு பஸ் டிரைவருக்கு முழுப் பல்வரிசை செய்தாள். அவளாகவே தனியாகச் செய்த முதல் வேலை. பட்டாளத்தை நிறுத்தினாற்போல நேர்நேராக நட்டிருந்தாள். டாக்டர் மெச்சினார். டிரைவரின் மனைவி மட்டும் கணவன் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரோட வாய்?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாளிடமே ஒரு பழைய போட்டோவைக் கேட்டு வாங்கினாள். டிரைவருக்கு முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறிக்கொண்டிருந்தது. இவளும் அதே போல ஏற்றினாள். ஒரு பல்லைக் கொஞ்சம் குட்டையாக்கினாள். அடுத்த தடவை வாயில் வைத்ததும் டிரைவர் ஏதோ சொல்லப்போனார். அதற்குள் அவர் மனைவி தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். "வந்துட்டாருடி எங்க வீட்டுக்காரரு!" என்று அந்த அறையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில் இறங்கவில்லை. ஏனென்று சொல்லவும் தெரியவில்லை. அம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டாள்; ஒன்றுமில்லை என்றாள். மறுநாள் காலையில் டாக்டர் வந்து கதவைத் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றாள்.

அப்புறம் அந்தக் கல்யாண விஷயம். ஊர்க்கதையில் அதுதான் உச்சக்கட்டம், பெருமூச்சு வருகிற இடம். தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். நல்லவர், பார்க்கவும் லட்சணமாக இருந்தார். தம்பிகள் படித்து முடிக்கிறவரை பொறுத்திருப்பதாகக்கூடச் சொன்னார். அவளுக்கும் பிடித்திருந்தது. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் அவர் அன்பாகத்தான் சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த எச்சில் வேலையெல்லாம் நீ பண்ண வேண்டாம்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் ஏன் என்று கேட்டபோது அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொய்ப்பல் கட்டுவதற்காக மாப்பிள்ளையை வேண்டாம் என்றேன் என்று எந்தப் பெண்ணால் வாய் திறந்து சொல்ல முடியும்? அம்மாதான் அழுதுகொண்டே, "தம்பிங்களுக்காக வேண்டாங்குறா" என்றாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அதை யாரும் மாற்றவே இல்லை. அவளும் மாற்றவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கே அது நிஜம் போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஆனால் இரண்டு தம்பிகளும் வேலைக்குப் போய்க் குடும்பம் குட்டி என்று ஆனபிறகு, வந்த காரியம் முடிந்தது என்று அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்னைவிட உற்சாகமாக உட்கார்ந்தாள். அதை ஒருவராவது கவனித்திருக்கலாம். பெருமூச்சு விடுவதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

சின்னத் தம்பி தூரத்தில் எங்கோ இருக்கிறான். பெரிய தம்பியும் அவன் மனைவியும் அவளோடு அதே வீட்டில். பெரிய தம்பி ஓர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றதும் அவனுக்கு வாழ்க்கையின் நோக்கம் என்கிற காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அவனைப் போலவே வேலையில்லாமல் இருந்த சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்கோடி மண்டபத்தில் கூடி 'நோக்கம் மன்றம்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் வாழ்க்கையின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். மரம் வளர்ப்பதே என் நோக்கம் என்று முழங்கியவர் வீட்டில் ஒரு பூந்தொட்டிகூட உயிரோடு இல்லை. எளியோருக்குச் செவிகொடுப்பதே நோக்கம் என்றவர், பக்கத்தில் இருப்பவர் பேச வாய் திறந்தாலே கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் அந்தக் காய்ச்சலோடு முன்னறைக்கு வந்தான்.

"அக்கா, உன் வாழ்க்கையோட நோக்கம் என்னன்னு யோசிச்சிருக்கியா?"

அவள் ஒரு கையில் சூடான கத்தியும் மறு கையில் ஒரு கடைவாய்ப் பல்லுமாக இருந்தாள். "திங்கட்கிழமை ஒரு வாய் குடுக்கணும்டா."

"அது வேலைக்கா. நான் கேக்குறது நோக்கம்." பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே சொன்னான். "எங்களை ஆளாக்குறதுதான் உன் நோக்கம். அது முடிஞ்சிடுச்சு. நீ ஜெயிச்சுட்டக்கா."

முடிந்துவிட்டதாம். உயிரோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து சொல்கிற பேச்சா இது! அவள் ஏதோ சொல்லத் தலை நிமிர்ந்தாள். ஆனால் மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. பல்லை நட்டாக வேண்டும். குனிந்துகொண்டாள்.

அப்போது அவள் கையில் இருந்தது காய்கறி விற்கிற ஒரு பெண்ணின் வாய். தள்ளுவண்டியில் தெருத்தெருவாக விற்பவள். ஈறு நோயில் பற்கள் எல்லாம் ஆடி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவள் வியாபாரமே குரலில்தான் இருந்தது. நாலு தெருவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே இங்கே பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பல் போனபிறகு கூவினால் வெறும் காற்றுதான் வந்தது. ஒன்றிரண்டு பேர் அதே மாதிரி கூவிக்காட்டிச் சிரித்தார்கள். அதன்பின் அவள் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். சத்தமில்லாமல் வருகிற வண்டியை யார் பார்க்கிறார்கள்? பாதிக் காய் வாடி வீட்டுக்குத் திரும்பியது.

ஜன்னலோரம் உட்கார வைத்துத் திட்டச் சொன்னபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணாங்க்கா, அசிங்கமா இருக்கும்."

"உன்ன மாதிரி கூவிக்காட்டிச் சிரிச்சானே ஒருத்தன், அவன் இப்ப எதிர்ல நிக்குறான்னு வெச்சுக்கோ."

கை தானாக இறங்கியது. தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். பாதி புரியவில்லை, ஆனாலும் போதுமான அளவு புரிந்தது. பல் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் நாள் முழுக்க அந்த வாயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி எங்கே வந்து முட்ட வேண்டும், முன்பல் எவ்வளவு உள்ளே இருந்தால் காற்று சிதறாது என்று நட்டாள், பிடுங்கினாள், மறுபடி நட்டாள். திங்கட்கிழமை காலையில் டாக்டர் அதை வாயில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின ஞாயிறுதான் நோக்கம் மன்றத்தின் பாராட்டு விழா. 'நோக்கத்தோடு வாழ்ந்து காட்டியவர்' என்று வருஷத்துக்கு ஒருவரைப் பிடித்துப் பாராட்டுவார்கள். இந்த வருஷம் பெரிய தம்பி தன் அக்காவைச் சொல்லியிருந்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "எனக்காக வாக்கா" என்றான். எனக்காக என்று கேட்டால் அவளால் மறுக்க முடியாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மண்டபத்து மேடையில் அவள் படம் போட்டு ஒரு பேனர். படத்தின் பக்கத்தில் எரிகிற மெழுகுவர்த்தி. கீழே, 'தன்னை உருக்கி ஒளி தந்த தியாகச் சுடர்'. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். மெழுகு உருகினால் பல் சரியும். அவளுக்குத் தெரிந்த வரையில் அதில் வேறு பெருமை ஒன்றும் இல்லை.

பெரிய தம்பி மைக்கைப் பிடித்தான். நன்றாகத்தான் பேசுவான். "என் அக்காவுக்குன்னு ஒரு ஆசை இருந்ததில்ல. ஒரு கனவு இருந்ததில்ல. தனக்குன்னு அவங்க ஒரு நாள்கூட வாழ்ந்ததில்ல. நாற்றமெடுக்கிற ஒரு வேலையை எங்களுக்காக, எங்களுக்காக மட்டுமே, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் செஞ்சாங்க." கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவன் குரலும் உடைந்தது. அவன் நடிக்கவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை பேர் நடுவில், இவ்வளவு பாசத்தோடு, அவளுடைய முழு வாழ்க்கையையும் எடுத்துத் தூரப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள்கூட வாழவில்லையா? பஸ் டிரைவர் மனைவி சிரித்த அந்த நாளில் வாழ்ந்தது யார்?

கேடயத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். அவளுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"என் தம்பி நல்லாப் பேசினான். ஆனா அவன் சொன்ன பொம்பளை யாருன்னு எனக்குத் தெரியல."

கூட்டம் சிரித்தது. "தன்னடக்கம்!" என்று முன்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள்.

"தன்னடக்கம் இல்லைங்க. கோவம்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எதைச் சொன்னாலும் தியாகத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது, பாருங்கள்! ஒரு மனுஷிக்குக் கோபப்படக்கூட வழியில்லை.

"கைதட்டாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. எனக்கு ஆசையே இல்லன்னு இவனுக்கு யார் சொன்னது? என்னைக் கட்டிக்கிறேன்னு வந்தவர் வேலைய விடச் சொன்னாரு. நான் வேலைய விடல, அவரை விட்டேன். தம்பிங்களுக்காக இல்ல. எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு. எனக்காகத்தான் விட்டேன்."

இப்போது யாரும் கைதட்டவில்லை. மண்டபம் வாயடைத்துப் போனதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் தனக்குள்ளும் சொல்லிப் பார்க்காததை ஊரைக் கூட்டிச் சொல்லியாகிவிட்டது. சொன்னபிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

பெரிய தம்பி முகம் வெளுத்துப்போய் மைக்கை வாங்கிக்கொண்டான். நிலைமையைச் சமாளிக்கிற அவசரத்தில், கடைசியில் சொல்ல வைத்திருந்ததை முன்னாலேயே போட்டு உடைத்தான். "அக்கா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. அவங்களுக்கே தெரியாம ஒரு பரிசு வெச்சிருக்கோம். இனிமே அவங்க வேலை செய்ய வேண்டாம். அந்த முன்னறையைக் காலி பண்ணி அவங்களுக்கு ஓய்வறையா மாத்தியாச்சு. புது டிவி, சாய்வு நாற்காலி. நாற்காலி என் தம்பி அனுப்பினது."

அவள் திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தாள். "அறைல இருந்த வாயெல்லாம் எங்க?"

கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி மனைவி எழுந்து வந்து மெதுவாகச் சொன்னாள். "பத்திரமா இருக்குக்கா. நீங்க மண்டபத்துக்குக் கிளம்பினதும் நானே என் கையால ஒவ்வொண்ணாத் துண்டுல சுத்தி எடுத்து வெச்சேன். ஒண்ணுகூட உடையல."

"எங்க வெச்ச?"

"மாடியிலக்கா. தொட்டியில."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் கேடயத்தை மேடை நாற்காலியிலேயே வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

மொட்டை மாடியில் துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் அத்தனை வாய்களும் துண்டு சுற்றி அடுக்கியிருந்தன. தம்பி மனைவி சொன்னது சரிதான், ஒன்றுகூட உடையவில்லை. துண்டைப் பிரித்ததும் மெழுகு விரலில் ஒட்டியது. ஈறு வழிந்து, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, காய்கறிக்காரியின் முன்பற்கள் அச்சின் ஓரத்தில் குவிந்து கிடந்தன. கடைவாய்ப் பல் ஒன்று துண்டோடு வந்துவிட்டது.

பல் அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தரை சுட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. ஆத்திரம் அதற்குமேல் போக இடமில்லாமல் கண் வழியே வந்தது.

பின்னாலேயே ஓடிவந்த தம்பி மனைவி தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இது உருகும்னு எனக்குத் தெரியாதேக்கா!"

"இந்த வீட்டுக்கு நீ வந்து எத்தனை வருஷமாச்சு? ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ள வந்து நான் என்ன பண்றேன்னு பாத்திருக்கியாம்மா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ மட்டுமில்ல. யாருமே பாத்ததில்ல. பாக்காமலே அங்க மேடை போட்டுப் பாராட்டுறீங்க."

தம்பி மனைவி குனிந்து மற்றத் துண்டுகளைப் பிரிக்கத் தொடங்கினாள். அதற்குள் பெரிய தம்பி மூச்சு வாங்க மாடியேறி வந்தான். வந்தவன் தொட்டியைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டக்கா! உனக்கு நல்லது பண்ணதுக்கா இது?"

"நல்லதா? நாளைக்கு ஒருத்திக்கு வாய் வெச்சுப் பாக்கணும்டா. அவ பொழப்பு இதுல இருக்கு. இங்க பாரு."

"அது மட்டுந்தான் உனக்குக் கவலை! எவளோ ஒருத்தியோட பல்லு! உன் வாழ்க்கைல அவ்ளோதானா? இதுக்குத்தானா எல்லாம்?"

அவள் எழுந்து நின்றாள். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் மன்றத்தில் இத்தனை ஞாயிறும் அவர்கள் கேட்டதில் கேள்வி என்றால் இது ஒன்றுதான் கேள்வி.

"ஆமாடா. இதுக்குத்தான். ஒருத்தர் வாய் போயிடுச்சு, அவங்களோட வாயையே திருப்பிக் குடுக்கணும். வேற எவனோட வாயும் இல்ல, அவங்க வாய். அதைப் பாக்குறப்ப எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? உனக்குத் தெரியாது. நீ கேட்டதில்ல. அந்த நாத்தம், தூள், தலைவலி எல்லாம் எனக்கு அதுக்கு முன்னாடி தூசு. அதை நீ தியாகம்னு சொல்லிக் கேவலப்படுத்தாத."

"கேவலப்படுத்துறேனா? உன்னை நான் தெய்வமா நெனச்சேன்."

"அதான் சொல்றேன். மனுஷியா நெனச்சிருந்தா அறையைக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருப்ப."

அதிகாரியாக இருந்த காலத்தில்கூட அவனை யாரும் இப்படி நிற்கவைத்துக் கேட்டதில்லை. "நீ சுயநலக்காரிக்கா" என்றான்.

"ஆமாடா. இத்தனை வருஷம் கழிச்சாவது கண்டுபிடிச்சியே. வா, வந்து மேசையைத் தூக்கு."

மேசையைப் பின்பக்கக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். அவள் சாய்வு நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கூடத்து மூலையில் விட்டாள். தம்பி மனைவி டிவியின் வயரைப் பிடுங்கினாள், ஸ்பிரிட் விளக்கைத் தேடிக் கொண்டுவந்து வைத்தாள். பெரிய தம்பி கொஞ்ச நேரம் கைகட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கம் அவள்.

முன்னறை வாசலில் மேசை சிக்கிக்கொண்டது. அவள் அறைக்கு உள்ளே, அவன் வெளியே. இருவருக்கும் நடுவில் மேசை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் அவன் அப்படியே நின்றான். சட்டையெல்லாம் பிளாஸ்டர் தூள். முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்திலிருந்து அடிபட்டு வந்தவன் மாதிரி இருந்தது.

"எங்களுக்காக நீ எதையும் விடலன்னா, அப்ப நாங்க உனக்கு யாருக்கா?"

அவளுக்கு ஒரு கணம் கோபம் நின்றுவிட்டது. இவன் இத்தனை நாளும் எதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒருத்தி தன் வாழ்க்கையையே அழித்துக்கொள்கிற அளவுக்குத் தான் ஒரு பெரிய ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தான். அதை அவள் இன்று பிடுங்கிவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்காகப் பொய்யைத் திருப்பிக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

"தம்பிங்கடா," என்றாள். "நான் பாசமா வளத்த தம்பிங்க. அது பத்தலயா உனக்கு?"

அவன் மேசையை விடவில்லை.

"ஒரு பக்கமாச் சாய்ச்சுத் தூக்கு. நேரா வந்தா நுழையாது."

அவன் சாய்த்துத் தூக்கினான்.